கிளாத்தி புகுந்த தொட்டி

அத்தியாயம் 14

“சிங்க மீன் ரெண்டு, கடல் குதிரை நாலு, கோமாளி மீன் பத்து, பாம்பு மாதிரி ஒரு அஞ்சாலை.” ரத்மினி கைபேசியைப் பார்த்துப் படித்தாள். “அப்புறம் சின்னதா ஒரு பேய்க்கணவாய் இருக்கே, உடம்பெல்லாம் நீல வளையம். என் மருமக அதைத்தான் முதல்ல கேட்டா.”

தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சுகெர்த்தி துணியைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கும் மருமகளுக்கும் ஏதாவது சண்டையாம்மா?”

“ஏன் கேக்குற?”

“அது கடிச்சா வலிக்கக்கூட செய்யாது. மூச்சு நின்னதும்தான் கடிச்சதே தெரியும்.”

ரத்மினி பட்டியலை மறுபடி பார்த்தாள். யோசிப்பது போலத் தெரிந்தது.

லொவினா கடற்கரையில் ரத்மினியின் புதிய உணவகம் சனிக்கிழமை திறக்கப்படுகிறது. வாசலில் மூன்று மீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டி. ஆறு வாரமாக அதில் கடல் நீரையும் பாறையையும் மட்டும் வைத்துப் பக்குவப்படுத்தியிருந்தாள் சுகெர்த்தி. நேற்றுத்தான் முதல் உயிர்கள் இறங்கின. இரண்டு இறால், ஒரு கடல் முள்ளெலி, கை நிறையச் சங்கு நண்டுகள். இன்று காலை ஒரு கடல் சாமந்தியும் ஒரு ஜோடிக் கோமாளி மீனும், பயந்த சுபாவமுள்ள ஐந்து குட்டி மீன்களும்.

“பத்து கோமாளி விட்டா ஒண்ணையொண்ணு கடிச்சு கடைசியில ரெண்டுதான் மிஞ்சும். அதுக்கு முதல்லயே ரெண்டா விட்டுடலாம். சிங்க மீன் வாய்க்குள்ள எது நுழையுதோ அதெல்லாம் அதுக்குச் சாப்பாடு. கடல் குதிரை பாவம், நின்னு நிதானமா திங்கும். மத்ததுங்க தின்னு முடிச்ச பிறகு அதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“அப்ப சாதுவா இருக்கறதா பாத்து விடுங்கற.”

“சாதுவை முதல்ல விடணும். அதுங்க தங்களுக்குன்னு பொந்து புடிச்சுக்கணும். வம்பு புடிச்சது வரதா இருந்தா கடைசியில வரட்டும். வராமலே இருந்தா ரொம்ப நல்லது.”

சொல்லும்போதே வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தர்சா.

மூன்று நாளாகச் சுகெர்த்தி கணவனோடு பேசவில்லை. அவனுடைய படகின் பலகைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பீச்சுக் குப்பி கிடைத்ததே, அன்றிலிருந்து. பொட்டாஸ், அதாவது சயனைடு, கரைத்துப் பீய்ச்சும் குப்பி. பவளப் பாறை இடுக்கில் அந்த விஷத்தைப் பீய்ச்சினால் மீன் மயங்கி வெளியே வரும், கையாலேயே அள்ளலாம். பாறை செத்துப்போகும். “பழைய குப்பி, தூக்கிப் போட மறந்துட்டேன்” என்று தர்சா சத்தியம் செய்திருந்தான்.

இப்போது அவன் இரண்டு வாளிகளோடு உள்ளே வந்தான். மனைவியைப் பார்க்காமல் ரத்மினியிடம் போனான்.

“மேடம், இதைப் பாருங்க.”

ரத்மினி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். “அய்யோ!” என்றாள்.

கறுப்பு உடம்பு. வயிறு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பெரிய வட்டங்கள். வாயைச் சுற்றி மஞ்சள் சாயம் பூசியது போல. ஒன்றரைச் சாண் நீளம்.

“கிளாத்தி,” என்றாள் சுகெர்த்தி. “அது வேண்டாம்மா. சங்கையே பல்லால உடைக்கும். தனித் தொட்டியில வளக்கற மீன் அது.”

“சின்ன வயசு மீனு மேடம். பழகிக்கும்,” என்றான் தர்சா. “சனிக்கிழமை பெரிய பெரிய ஆளுங்க வராங்க. இந்தத் தொட்டியில என்ன இருக்கு? ஆரஞ்சுக் கலர்ல ரெண்டு பூச்சி. அதைப் பாக்கறதுக்கா வராங்க?”

“இது அழகா இருக்கு சுகெர்த்தி.”

“அழகாத்தான் இருக்கும். ஆகாது.”

“நீ எல்லாத்துக்கும் ஆகாது ஆகாதுங்கற. தொட்டி என்னோடது.”

சுகெர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். குறைந்தபட்சம் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பாவது வைக்கலாம் என்று பின்கட்டுக்குப் போய்த் தேடினாள். தடுப்போடு திரும்பியபோது தர்சாவின் வாளி காலியாக இருந்தது.

ஐந்து நிமிடம் கிளாத்தி ஒரு மூலையில் அசையாமல் நின்றது. ரத்மினி படம் எடுத்தாள்.

பிறகு அது இறாலிடம் போனது. ஒரு கடி. இறால் இரண்டு துண்டாயிற்று. தலைப்பகுதி இன்னும் மீசையை ஆட்டிக்கொண்டே பாறையிலிருந்து உருண்டது. இரண்டாவது இறால் ஓடி ஒளிந்த இடுக்கை நோக்கி வாயால் தண்ணீரை ஊதியது. மணல் பறந்தது. இறால் வெளியே வந்ததும் அதுவும் முடிந்தது.

“என்ன பண்ணுது அது?” ரத்மினி கைபேசியைத் தாழ்த்தினாள்.

முள்ளெலியையும் அப்படித்தான் ஊதிக் கவிழ்த்துப்போட்டது. முள் இல்லாத வயிற்றைக் கிழித்துத் தின்றது. முட்கள் தொட்டி முழுக்க மிதந்தன. குட்டி மீன்கள் கூட்டமாக ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டன. பெரிய கோமாளி மட்டும் சாமந்தியைவிட்டு வெளியே வந்து, தன்னைவிடப் பத்து மடங்கு பெரியதைப் போய் முட்டியது. கிளாத்தி திரும்பி அதன் பின்பாதியைக் கடித்து எடுத்தது. முன்பாதி இரண்டு வினாடி நீந்தியது.

சுகெர்த்தி வலையோடு தோள்வரை கையை விட்டாள். வலை பாறையில் சிக்கியது. அதை விடுவிக்க விரலை நீட்டியபோது கிளாத்தி நேராக அவள் கைக்கு வந்தது.

சத்தம் கேட்டது. அவளுடைய எலும்பில் அதன் பல் பட்ட சத்தம். கையை இழுத்தபோது ஆள்காட்டி விரலின் நுனிச் சதை இல்லை. தொட்டித் தண்ணீரில் ரத்தம் புகை போல எழுந்தது.

தர்சா சிரித்துவிட்டான். “பசி போல இருக்கு.”

சுகெர்த்தி துணியை விரலில் சுற்றிக்கொண்டே மீனைப் பார்த்தாள். வாலின் மேல்பக்கம் ஒரு வெட்டு. அந்த வெட்டு அவளுக்குத் தெரியும். அண்ணன் அர்னவா ஆறு வருடமாகக் கடலடியில் இரும்புக் கூடு கூடாக இறக்கி, அதில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்த பாறையில் குடியிருந்த மீன். அந்தப் பக்கம் போகிறவர்களையெல்லாம் துரத்தும். அண்ணன் அதற்கு ‘தலையாரி’ என்று பெயர் வைத்திருந்தான்.

“எங்க புடிச்ச?”

“கடல்ல.”

அவள் இரண்டாவது வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஆறு. இரண்டு செத்து மல்லாந்திருந்தன. ஒன்றை எடுத்துச் செவுளை விரித்தாள். உள்ளே செக்கச்செவேலென்று, செத்த மீனுக்கு இருக்கக்கூடாத சிவப்பு.

“பொட்டாஸ். அண்ணனோட பாறையில பொட்டாஸ் அடிச்சிருக்க. அம்மா, இவன் கொண்டு வர எதுவும் பத்து நாள் தாங்காது. எல்லாம் விஷம் குடிச்ச மீனு.”

அவன் அறைந்தான். வாடிக்கைக்காரர் முன்னால் சொன்னதற்காக. அவள் தலை தொட்டியின் கண்ணாடியில் மோதியது.

அவள் நிமிர்ந்தபோது கையில் வலையின் இரும்புப் பிடி இருந்தது. யோசிக்கவில்லை. அவன் வாயைப் பார்த்து வீசினாள். உதடு பிளந்து, தர்சா மேசைமேல் விழுந்து, அடுக்கி வைத்திருந்த தட்டுகளோடு தரைக்குப் போனான். மறுபடி அடித்தாள், தோளில். மூன்றாவது அடிக்குள் சமையல்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க! ஒரு பல்லாவது எடுத்துட்டுத்தான் விடுவேன்!”

“வேண்டாம் தாயி, விட்டுரு.”

தர்சா எழுந்தான். ரத்தத்தைத் துப்பினான்.

“சாயங்காலத்துக்குள்ள இந்தத் தொட்டியை நான் நிரப்புறேன் மேடம். இன்னும் இருவது மீனு. இவ தேவையில்ல.”

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து போனது. ரத்மினி கதவோரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பிசாசை வெளிய எடுத்துரு சுகெர்த்தி. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

அவளும் சமையல்காரருமாகத் தண்ணீரைப் பாதிக்குமேல் இறைத்துக் கிளாத்தியை வாளியில் பிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. மிஞ்சியது ஒற்றைக் கோமாளி, மூன்று குட்டி மீன்கள், ஓட்டுக்குள் சுருண்டுகொண்ட சங்கு நண்டுகள்.

அப்போதுதான் அர்னவா வந்தான். தலை முதல் கால்வரை ஈரம். கையில் ஒரு பவளக் கொத்து, சுண்ணாம்பு போல வெளுத்துக் கிடந்தது.

“பாறை முழுக்க இப்படித்தான் கிடக்கு,” என்றான். “யாருன்னு தெரியுமா?” பிறகுதான் தங்கையைச் சரியாகப் பார்த்தான். “விரல்ல என்ன?”

“மீன் கடிச்சிருச்சு.”

“கன்னத்துலயுமா மீன் கடிச்சுது?”

அவள் கண் தர்சாவின் வாளிக்குப் போனது. அவன் வாளிக்குள் பார்த்தான். வாலில் இருந்த வெட்டைப் பார்த்தான். பவளக் கொத்தை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுக் கரையை நோக்கி நடந்தான்.

“அண்ணே! பஞ்சாயத்துல சொல்லுவோம். அண்ணே, நில்லு!”

அவன் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டான். சுகெர்த்தி இடுப்பளவு தண்ணீரில் ஓடி, படகின் பக்கவாட்டு மூங்கிலைப் பிடித்து ஏறிக்கொண்டாள். அவன் அவளை இறங்கச் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

தர்சாவின் படகைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடலடிக்குக் காற்றைத் தள்ளும் கம்ப்ரசரின் சத்தம் தூரத்திலேயே கேட்டது. படகிலிருந்து மஞ்சள் குழாய் கடலுக்குள் இறங்கியிருந்தது. குழாயின் மறுமுனையைக் கடித்துக்கொண்டு தர்சா கீழே இருந்தான். தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அர்னவா எஞ்சினை நிறுத்திவிட்டான்.

விர்யா. அவர்களுடைய தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே போன்ற குழாயோடு ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, இரண்டு கால்களும் செயலிழந்து போனவன். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த காற்று, சட்டென்று மேலே வந்தால் குமிழியாகி நரம்பை அடைத்துவிடும். அன்றைக்கு மேலே குழாய் பிடித்திருந்தவன் தர்சா. அதற்காக அர்னவா இதுவரை தர்சாவை மன்னித்ததில்லை.

“நீ இங்க என்னடா பண்ற?”

“வேலை.”

“இவன்கிட்டயா? உன் காலை எடுத்தவன்கிட்டயா?”

“நான்தான் போய்க் கேட்டேன்.” விர்யா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு வருஷமா உன் வீட்டுல இருக்கேன். ‘சாப்ட்டியா’ன்னு கேப்பீங்க. வேற எதையாவது யாராவது கேட்டிருக்கீங்களா? இவன் ஒருத்தன்தான் ‘வரியா’ன்னான்.”

“பொட்டாஸ் அடிக்கிறான்னு தெரியுமா?”

விர்யா தலையைக் குனிந்துகொண்டான். “தெரியும்.”

அர்னவா ஒரே தாவாகத் தாவி அந்தப் படகுக்குப் போனான். மஞ்சள் குழாயை எடுத்தான். இரண்டாக மடித்து, முறுக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

“மேல வரட்டும்.”

குமிழிகள் நின்றன.

“அண்ணே, விடு!” விர்யா கத்தினான். “இருவத்தஞ்சு மீட்டர்ல இருக்கான்! ஒரு மணி நேரமா கீழ இருக்கான்!”

“வரட்டும்ங்கறேன்.”

விர்யா பலகைமேல் கையால் இழுத்து இழுத்து வந்து அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தான். அர்னவா முழங்காலால் அவன் முகத்தில் இடித்தான். விர்யா கடியை விடவில்லை. கைக்குக் கிடைத்த திருகுச் சாவியை எடுத்து அண்ணனின் கால் எலும்பில் அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான். சுகெர்த்தி தாவி வந்து அண்ணனின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பின்னுக்கு இழுத்தாள். மூவரும் கம்ப்ரசர்மேல் விழுந்தார்கள். சூடான இரும்பு யாருடைய தோலையோ பொசுக்கியது. குழாய் அர்னவாவின் கையிலிருந்து நழுவியது.

அதற்குள் தர்சா மேலே வந்துவிட்டான். அழுத்திப் பிடித்த பந்து போலத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. முகக் கண்ணாடிக்குள் ரத்தம். படகின் விளிம்பைப் பிடித்து ஏறும்போதே இடுப்பின் ஈயக் கட்டிப் பட்டையை அவிழ்த்துச் சுழற்றினான். அது அர்னவாவின் புருவத்தில் விழுந்தது. அர்னவாவின் முகம் ரத்தமாயிற்று.

“கொல்லப் பாத்தியா? என்னையா?”

இரண்டாவது முறை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. அவன் தன் கால்களைப் பார்த்தான். பிறகு நின்ற இடத்திலேயே மடிந்து உட்கார்ந்தான்.

“கால்… சுகெர்த்தி, என் கால் எங்க இருக்கு?”

கால் அங்கேதான் இருந்தது. அவள் அதைக் கிள்ளினாள். அவனுக்குத் தெரியவில்லை.

விர்யாதான் முதலில் பேசினான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது.

“கரைக்குப் போகக் கூடாது. டென்பசார் ஆஸ்பத்திரிக்குப் போக மூணு மணி நேரம். என்னைக் கரைக்குத் தூக்கிட்டுப் போனீங்க, பாத்தீங்க இல்ல. இவனை மறுபடி கீழ கொண்டு போகணும், அந்த அழுத்தத்துலதான் குமிழி கரையும். பன்னெண்டு மீட்டர். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல.”

“கால் வராதவன் எப்படிக் கீழ நிப்பான்?” என்றாள் சுகெர்த்தி.

“ஒருத்தர் கட்டிப் புடிச்சுக்கணும். கம்ப்ரசர்ல ரெண்டாவது குழாய் இருக்கு.”

மூன்று பேரும் அர்னவாவைப் பார்த்தார்கள். கம்ப்ரசர் குழாயோடு இறங்கிப் பழகியவர்களில் கால் வழங்குகிறவன் அங்கே அவன் ஒருவன்தான்.

“இவன்கூட வேண்டாம்,” என்று தர்சா அலறினான். “கீழ வச்சு முடிச்சுருவான்!”

“முடிச்சா குழாய்லயே தெரிஞ்சுடும்,” என்றான் விர்யா. “ரெண்டும் என் கையிலதான்.”

சுகெர்த்தி அண்ணனின் புருவத்தில் தன் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

“இந்த ஆளு எனக்கு வேணுமான்னு இப்ப எனக்குத் தெரியல அண்ணே. அதை வீட்டுல வச்சு யோசிக்கிறேன். இவனைக் கொன்னவன்னு உன்னை நான் பாக்க வேண்டாம்.”

அர்னவா ஈயப் பட்டையை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினான். மோவாயில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். தர்சாவை அக்குளுக்கடியில் இறுக்கிப் பிடித்து, வாயில் குழாயைச் செருகி, தானும் ஒன்றைக் கடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கடலில் சரிந்தான்.

இரண்டு குழாய்களும் விர்யாவின் கையில் ஓடி இறங்கின. நின்றன. இரண்டு இடத்தில் குமிழிகள் வந்தன. சுகெர்த்திக்கு அப்போதுதான் விரல் வலிக்க ஆரம்பித்தது.

பத்து நிமிடம் போயிருக்கும். விர்யா திடீரென்று ஒரு குழாயைக் காதோடு வைத்துக் கேட்டான். பிறகு அதைத் தடவிக்கொண்டே பார்த்தான்.

“அக்கா. அண்ணன் மடிச்சு முறுக்கின இடம் விரிசல் விட்டிருந்திருக்கு. நாம பாக்கல. அது தண்ணிக்குள்ள போயிருக்கு.”

“அப்படின்னா?”

“தர்சாவுக்குக் காத்து போகல.”

அவள் தண்ணீரைப் பார்த்தாள். குமிழி ஒரே இடத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

அர்னவாவின் குழாய் மூன்று முறை இழுபட்டது. மேலே தூக்கு என்று அர்த்தம்.

“தூக்கவா?” என்றாள் சுகெர்த்தி.

“தூக்கினா தர்சா செத்தான். தூக்கலன்னா…” விர்யா இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தான். “எனக்குத் தெரியலக்கா.”

பன்னிரண்டு மீட்டர். பதினைந்து வயதில் அவள் அந்த ஆழத்தைச் சும்மா மூச்சுப் பிடித்தே தொட்டிருக்கிறாள். தர்சா படகில் கழற்றிப் போட்டிருந்த கண்ணாடியை எடுத்து முகத்தில் மாட்டினாள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, குழாயைப் பிடித்தபடியே தலைகீழாகப் போனாள்.

காது வலித்தது. சிவப்பு தெரியாத அந்த ஆழத்தில், விரலிலிருந்து ரத்தம் பச்சை நிறத்தில் பின்னால் நூலாக ஓடியது.

முதலில் அவர்களுடைய நிழல் தெரிந்தது. பிறகு இரண்டு பேரும். அர்னவா ஒரு கையால் பாறையையும், மறுகையால் தர்சாவின் இடுப்பையும் பிடித்திருந்தான். ஒரே குழாய் இருவரிடமும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அர்னவா இரண்டு மூச்சு இழுத்தான். தன் வாயிலிருந்து எடுத்துத் தர்சாவின் வாயில் வைத்தான்.

தர்சா இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அர்னவா கையை நீட்டினான்.

தர்சா வாயிலிருந்து எடுக்காமலே குழாயை இரண்டு கையாலும் பற்றி மார்போடு அணைத்துக்கொண்டான். சுகெர்த்தி அருகில் போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அண்ணனைக் காட்டினாள். தர்சா அவளை நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டான். கண்கள் விரிந்தன.

தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.